புதுக் கப்பலை யார் பராமரிக்கப் போகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கப்பல் துறையின் எதிர்காலம் பற்றி வந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஆளில்லாக் கப்பல், அம்மோனியாவில் ஓடும் இன்ஜின், ரோபோ வெல்டிங் செய்யும் கப்பல் கட்டும் தளம் என்று படங்களோடு அழகாகவே போட்டிருந்தீர்கள். பெரும்பகுதி சரியான தகவல்தான். ஆனால் அந்த இரண்டு பக்கத்திலும் ஒரு இன்ஜினீயரைக்கூடக் காணோம். ஃபிட்டர் இல்லை, மோட்டார்மேன் இல்லை. சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமிலேயே காலம் தள்ளி, சீஃப் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவன் நான். விடுபட்டதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், வெட்டிப் போடுவது உங்கள் உரிமை. அமெரிக்காவில் பாலத்தில் மோதிய டாலி கப்பல் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் புதுமைக்கு எதிரி அல்ல. இண்டிகேட்டர் கார்டு எடுத்த தலைமுறை எங்களுடையது. ஒவ்வொரு சிலிண்டர் தலைக்கும் ஏறிப்போய், சுடும் வால்வைத் திறந்து, சின்ன உருளையில் சுற்றிய காகிதத்தில் அழுத்த வரைபடத்தை எடுப்போம். அப்புறம் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பிளானிமீட்டரால் அதன் பரப்பை அளந்து குதிரைத்திறன் கணக்குப் போடுவோம். இன்று அதே விவரம் சென்சார் வழியாக நொடிக்கு நொடி திரையில் வந்து நிற்கிறது. அந்த வேலை போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வால்வுகளையும் எரிபொருள் பம்புகளையும் இயக்கும் கேம்ஷாஃப்டையே எடுத்துவிட்டு, எரிபொருள் எப்போது எவ்வளவு பாய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவுசெய்யும் இன்ஜின்கள் வந்த பிறகு எண்ணெய்ச் செலவும் புகையும் குறைந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் கவலை வேறு. கப்பலில் புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொரு கருவியும் இன்ஜின் ரூம் வேலையைக் கூட்டுகிறது. வேலை செய்யும் கைகள் மட்டும் கூடவே இல்லை, இன்னும் குறைக்க முடியுமா என்றுதான் பேச்சு நடக்கிறது. உங்கள் கட்டுரையும் அந்தப் பேச்சுக்குத்தான் தாளம் போட்டது.

ஒரு காலத்தில் நடுத்தரச் சரக்குக் கப்பலிலேயே 40 பேருக்கு மேல் இருப்பார்கள். இன்று 400 மீட்டர் நீளத்தில் 24,000 கன்டெய்னர் ஏற்றும் கப்பலையும் 20 முதல் 25 பேர் வைத்து ஓட்டுகிறார்கள். இந்தக் குறைப்பில் பாதி நியாயமானதுதான். இரவில் இன்ஜின் ரூமில் ஆளே இல்லாமல் கப்பல் ஓடுவது எங்கள் தொழிலில் பல பத்தாண்டு வழக்கம். மாலையில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டை, கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு வந்துவிடுவோம். ஏதாவது கோளாறு என்றால் டியூட்டி இன்ஜினீயரின் அறையில் அலாரம் அடிக்கும். அவர் எழுந்து கீழே போவார். போனவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு பட்டனை அழுத்தவில்லை என்றால் அவருக்கே ஏதோ ஆகிவிட்டது என்று இன்னொரு அலாரம் அடிக்கும். ஆகவே "ஆளில்லாத இன்ஜின் ரூம்" என்பதை வருங்கால அதிசயம்போல எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. அந்த ஆளில்லாத இரவுக்காக மறுநாள் பகல் முழுக்க எத்தனை பேர் எண்ணெய்க் கையோடு நிற்கிறார்கள் என்பது தரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

வேலை எப்படிக் கூடியது என்று கேட்டால், நான் தொழிலுக்கு வந்த நாளில் இல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். கப்பல் நிலையாக நிற்பதற்காக ஒரு கடலில் டேங்கில் எடுத்த பேலஸ்ட் நீரை இன்னொரு கடலில் கொட்டும்போது அதோடு போகும் உயிரினங்கள் அங்கே பரவாமல் இருக்க சுத்திகரிப்புக் கருவி வந்தது. அதற்கான உலக ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாக 2020 ஜனவரி 1-ல் குறைக்கப்பட்டது. பழைய எண்ணெயையே எரிக்க விரும்பிய முதலாளிகள் புகைபோக்கியில் புகையைக் கழுவும் ஸ்கிரப்பர் மாட்டினார்கள். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா தெளிக்கும் அமைப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பம்பு, ஃபில்டர், வால்வு, சென்சார், பதிவேடு. பேலஸ்ட் ஃபில்டர் சேற்றில் அடைத்துக்கொண்டால் சரக்கு இறக்குவதே நிற்கும். ஸ்கிரப்பர் குழாய் அமிலத்தில் அரித்து ஓட்டை விழுந்தால், கப்பல் ஓட ஓட அதற்கு ஒட்டுப்போட வேண்டும். இவ்வளவும் வந்தபோது கூடுதலாக ஒரு ஆளைப் போட்ட கம்பெனியை நான் பார்த்ததில்லை.

எரிபொருள் மாற்றுவது என்ற ஒரே வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹெவி ஃபியூல் ஆயில் சாதாரண வெப்பத்தில் தார் மாதிரி இருக்கும். 130, 140 டிகிரி வரை சூடாக்கினால்தான் இன்ஜினுக்குள் தெளிக்கும் பதத்துக்கு இளகும். கடுமையான கட்டுப்பாடுள்ள கடல் பகுதிக்குள் நுழையும் முன், கந்தகம் 0.10 சதவீதத்துக்கு மிகாத டீசலுக்கு மாற வேண்டும். டீசலோ 40 டிகிரி அளவிலேயே தண்ணீராக ஓடும். எரிபொருள் பம்பில், உள்ளே மேலும் கீழும் ஓடும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியுள்ள பேரலுக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் இடைவெளி. 140 டிகிரியில் இருந்த பம்புக்குள் சட்டென்று ஆறின டீசலை விட்டால் வெளிப்பகுதி முதலில் சுருங்கும், பிளஞ்சர் இறுகிக்கொள்ளும், இன்ஜின் நிற்கும். அதனால் நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் போகாமல், மணிக்கணக்காக வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நீராவி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர வேண்டும். அதோடு டீசல் மெலிதாக இருப்பதால், அதுவரை ஒழுகாத கேஸ்கட்டெல்லாம் ஒழுக ஆரம்பிக்கும். இத்தனையும் நடப்பது கப்பல் கரையை நெருங்கும் நேரத்தில், அதாவது இன்ஜின் நிற்கவே கூடாத நேரத்தில். 2015-ல் இந்த 0.10 சதவீத வரம்பு வந்தவுடன், எரிபொருள் மாற்றும்போது கப்பல்கள் உந்துவிசை இழப்பது பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. காற்றைச் சுத்தமாக்கிய நல்ல சட்டம் அது. அதன் சுமை யார் தோளில் இறங்கியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேகக் குறைப்பும் இப்படித்தான். கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 24 கடல் மைல் ஓடுவதை 20 ஆக்கினால் சக்தி 40 சதவீதம் மிச்சம். எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் இல்லாமல் இவ்வளவு எரிபொருளைச் சேமிக்கும் வழி வேறு கிடையாது. 2006-ல் வந்த எம்மா மெர்ஸ்க் கப்பலின் 14 சிலிண்டர் இன்ஜின் ஒரு லட்சம் குதிரைத்திறனைத் தாண்டியது, எடை 2,300 டன். அது அதிவேகத்துக்காகக் கட்டியது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அப்படிப்பட்ட கப்பல்கள் பலவும் மெதுவாக ஓட ஆரம்பித்தன. முழுச்சுமைக்காக வடிவமைத்த இன்ஜினைக் கால்சுமையில் மாதக்கணக்கில் ஓட்டினால் புகைக்கரி படியும், டர்போசார்ஜர் மூச்சுத் திணறும், சிலிண்டர் சுவரில் அமிலம் குளிர்ந்து அரிக்கும். கரை ஆபீசில் சேமிப்பு வரைபடம் இறங்கியதைக் காட்டிக் கைதட்டினார்கள். கீழே நாங்கள் சிலிண்டர்களுக்குக் காற்று போகும் ஸ்கேவஞ்ச் பெட்டிக்குள் தவழ்ந்துபோய்க் கரி சுரண்டினோம்.

இப்போது கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். மெத்தனாலை "மாசில்லா எரிபொருள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. மெத்தனாலில் கார்பன் இருக்கிறது, எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். உயிரிக்கழிவிலிருந்தோ, காற்றாலை, சூரிய மின்சாரத்தில் பிரித்த ஹைட்ரஜனையும் பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தோ தயாரித்தால்தான் மொத்தக் கணக்கில் அது நல்லது. உலகில் இன்று உற்பத்தியாகும் மெத்தனாலில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருவது. 2023-ல் லாரா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பல் மெத்தனாலில் ஓட ஆரம்பித்தது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தூரத்துக்கு எண்ணெயைப்போல் இரண்டரை மடங்கு பெரிய டேங்க் வேண்டும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லலாம். தீ எங்கே என்று தெரியாமல் தீயணைக்கப் போகிறவன் நிலையை நினைத்துப் பாருங்கள்.

திரவமாக்கிய இயற்கை எரிவாயுவான எல்.என்.ஜி.யும் இப்படித்தான். மைனஸ் 162 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதியான மீத்தேன் எரியாமல் நழுவினால், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இருந்தாலும் எல்.என்.ஜி.யைக் கையாளப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் சரக்காக ஏற்றிச் செல்லும் கப்பல்கள் 1960-களிலிருந்து ஓடுகின்றன, அந்த அனுபவம் தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்திருக்கிறது.

அம்மோனியாதான் என்னை உறங்கவிடாதது. அதில் கார்பனே இல்லை என்பது உண்மை. மைனஸ் 33 டிகிரியில் திரவமாகிவிடும் என்பதால் ஹைட்ரஜனைவிடக் கையாள எளிது என்பதும் உண்மை. ஆனால் அது விஷம். காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து. கண்ணையும் நுரையீரலையும் சுடும். அதோடு அம்மோனியா லேசில் பற்றாது, பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் எப்போதும் தேவை. எரியும்போது நைட்ரஸ் ஆக்சைடு உண்டானால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்கு மோசமான வாயு. 2024 மார்ச்சில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர் என்ற கப்பல் அம்மோனியாவை எரித்துக் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் சாகிகாகே என்ற இழுவைப் படகு அம்மோனியா இன்ஜினோடு வேலைக்கு வந்தது. இரண்டும் துறைமுகத்தை ஒட்டி, மருத்துவமனைக்குப் பக்கத்தில் நடந்தவை. பெருங்கடலின் நடுவே, கரையிலிருந்து பல நாள் தொலைவில், நள்ளிரவில் ஒரு குழாய் இணைப்பு (ஃபிளேஞ்ச்) கசிந்தால் என்ன செய்வது? இரட்டைச் சுவர்க் குழாய், உறிஞ்சும் விசிறி, நீர்த்திரை எல்லாம் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு ஒவ்வொன்றும் இன்னொரு மனிதன் வாரம்தோறும் சோதிக்க வேண்டிய இன்னொரு கருவி. சோதிக்கிறவன் களைத்திருந்தால்? அவனுக்கு முறையான பயிற்சியே இல்லாவிட்டால்?

டாலி பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2024 மார்ச் 26 அதிகாலை, பால்டிமோர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அந்தக் கன்டெய்னர் கப்பல், மின்சாரம் போய்க் கட்டுப்பாட்டை இழந்து பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சில நொடிகளில் விழுந்தது. இரவில் சாலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் இருந்த துறைமுக வழிகாட்டியான பைலட் கடைசி நிமிடங்களில் கொடுத்த அபாய அழைப்பால் போலீசார் பாலத்தில் வாகனங்களை நிறுத்த முடிந்தது. இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கோ போயிருக்கும்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஒரு வயர். மின்மாற்றியின் பிரேக்கருக்குப் போகும் சிக்னல் வயரின் நுனியில், அது எந்த வயர் என்று அடையாளம் காட்ட ஒரு சின்ன லேபிள் பட்டை மாட்டியிருந்தார்கள். அது சரியான இடத்தில் இல்லை. நுனியை மறைத்துக்கொண்டு இருந்ததால் வயர் டெர்மினலுக்குள் முழுதாக நுழையவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மாட்டியிருப்பதாகவே தெரியும். ஒரு நாள் அந்த இணைப்பு விட்டுப்போனது. பிரேக்கர் விழுந்தது, விளக்கும் பம்புகளும் நின்றன, குளிர்நீர் அழுத்தம் போனதால் பிரதான இன்ஜின் தானாகவே நின்றது. ஆட்கள் ஓடிப்போய் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் அனுப்ப, அந்த வேலைக்கு உரியதல்லாத ஃபிளஷிங் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் திரும்பினாலும் அந்தப் பம்பு தானாக மறுபடி கிளம்பாது. எரிபொருள் இல்லாமல் ஜெனரேட்டர்கள் தளர்ந்து, மறுபடியும் இருட்டு. அதற்குள் தூண் எதிரே வந்துவிட்டது.

ஒரு கப்பலில் இப்படி ஆயிரக்கணக்கான வயர் முனைகள் இருக்கின்றன. வெப்பக் கேமரா கொண்டு ஸ்விட்ச்போர்டை அவ்வப்போது பார்த்திருந்தால் தளர்ந்த இணைப்பு தெரிந்திருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். கேமரா விலை பெரிய விஷயமே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேனலாகத் திறந்து நிற்க ஒரு எலெக்ட்ரிக்கல் ஆபீசருக்கு நேரம் வேண்டும். பல கப்பல்களில் அவர் ஒரே ஆள். பிரிட்ஜில் ரேடாரும் அவர்தான், கிரேனும் அவர்தான், குளிரூட்டப்பட்ட கன்டெய்னர்களும் அவர்தான். உங்கள் கட்டுரையில் வந்த சென்சார்களும் பேட்டரிகளும் செயற்கை நுண்ணறிவும் கப்பலுக்கு வந்தால், அவையெல்லாம் இப்படிப்பட்ட டெர்மினல்களில்தான் போய் மாட்டும்.

என் அக்கா மகன் பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு மரைன் இன்ஜினீயரிங் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். உங்கள் இணைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, இனிமே கப்பலுக்கு ஆளே வேண்டாமாமே?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் படம் போட்டிருந்த நார்வே நாட்டு யாரா பிர்க்லேண்ட், 120 கன்டெய்னர் ஏற்றும் சின்ன மின்சாரக் கப்பல். உர ஆலைக்கும் பக்கத்துத் துறைமுகத்துக்கும் இடையே கரையோரமாக ஓடுகிறது. 2022-ல் சேவைக்கு வந்தபோதும் ஆட்களோடுதான் வந்தது. பேட்டரியில் ஓடுவதால் அதில் எண்ணெய் சுத்திகரிப்பு இல்லை, பெரிய இன்ஜின் இல்லை, இரவில் தன் துறைக்கே திரும்பிவிடலாம். அந்த மாதிரி வேலைக்கு ஆளில்லாக் கப்பல் வரட்டும், வரும், நல்லதுதான். இரண்டு வாரம் கரையைப் பார்க்காமல் ஓடும் பெரிய கப்பலில், கடலின் நடுவே ஒரு எக்ஸாஸ்ட் வால்வு உடைந்தால், அதைக் கழற்றி மாட்ட கிரேனும் ஸ்பேனரும் மூன்று நான்கு பேரும் வேண்டும். அதை இணைய இணைப்பின் வழியாகச் செய்ய முடியாது.

கரையிலிருந்து கண்காணிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. என் கடைசிக் கப்பல்களில் ஒன்றில், ஜெனரேட்டரின் ஒரு சிலிண்டரில் புகை வெப்பம் எகிறுவதாகக் கம்பெனி ஆபீஸ் திரையில் சிவப்பு காட்டியது. கம்பெனி பெயர் வேண்டாம். காலையிலிருந்து மெயில் மேல் மெயில். ஒவ்வொன்றுக்கும் பதில், படம், அறிக்கை. சென்சார்தான் கெட்டிருந்தது, மாற்றியதும் சரியாயிற்று. அந்த நாள் முழுக்க நானும் செகண்ட் இன்ஜினீயரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரின் ஓவர்ஹால் இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போயிற்று. இதே மாதிரி அமைப்பு வேறொரு கப்பலில், காதுக்கு எட்டாத ஒரு பேரிங் அதிர்வை முன்கூட்டியே காட்டிக் கொடுத்து எங்களைக் காப்பாற்றியதும் உண்டு. ஆகவே கருவி மேல் எனக்குப் புகார் இல்லை. பார்க்க ஒரு ஆள், பழுது பார்க்க ஒரு ஆள் என்று இரண்டு பேரின் வேலையை ஒரே ஆளிடம் கொடுப்பதில்தான் புகார்.

ஓய்வு நேரக் கணக்கு இன்னொரு கதை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு என்று சர்வதேச விதி இருக்கிறது. அந்தப் பதிவேடுகள் உண்மை நிலவரத்துக்குப் பதிலாக விதிக்கு ஏற்பத் திருத்தி எழுதப்படுகின்றன என்று உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2020-ல் சொன்னது. கப்பலில் இருந்தவர்கள் யாரும் அதைப் படித்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதிகாரிகள் தட்டுப்பாடும் உண்டு: 2026-க்குள் உலகக் கப்பல்களுக்குக் கூடுதலாக ஏறக்குறைய 90,000 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று கப்பல் முதலாளிகளின் சர்வதேச அமைப்புகளே 2021-ல் கணக்குச் சொன்னார்கள். ஆளே வேண்டாம் என்று ஒரு பக்கம், ஆள் பற்றவில்லை என்று மறுபக்கம். படிப்பு முடித்த பயிற்சி அதிகாரியான கேடட்டுக்குக் கடல் அனுபவம் பெற ஒரு கப்பல் கிடைப்பதே பெரும் பாடு.

கப்பல் கட்டும் தளத்திலும் நிலைமை இதுதான். உலகில் கட்டப்படும் கப்பல்களில், டன் கணக்கில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் சீனா, தென் கொரியா, ஜப்பான் மூன்றிலும்தான். அதில் சீனா மட்டுமே இன்று பாதிக்கும் மேல். ஸ்வீடனின் மால்மோ நகரில் கோக்கும்ஸ் தளத்துக்கு 138 மீட்டர் உயர கிரேன் ஒன்று இருந்தது. தளம் மூடிய பின் அதைத் தென் கொரிய ஹூண்டாய் நிறுவனம் ஒரு டாலருக்கு வாங்கி, 2002-ல் பிரித்து ஏற்றி உல்சானுக்குக் கொண்டுபோயிற்று. கிரேனைக் கொண்டுபோகலாம், ஆட்களை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதே தென் கொரியாவில் கப்பல் கட்டும் தொழிலாளர் எண்ணிக்கை 2014-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்து வந்த மந்தத்தில் அதில் பாதிக்கும் மேல் வெளியேறினார்கள். ஆர்டர் திரும்பக் குவிந்தபோது வெல்டர் கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. நேர்கோட்டில் போகும் நீண்ட வெல்டிங்கை ரோபோ அருமையாகச் செய்யும். இரட்டை அடித்தளத்துக்குள் குனிந்து நுழைந்து, தலைக்கு மேல் மூலையில் வைக்கும் வெல்டிங்கை இன்னும் மனிதன்தான் செய்கிறான். நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் டிரை டாக்கில் நான் பார்த்த வரை, பின்னாளில் விரிசல் விடுவதும் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான்.

காற்றைப் பற்றி எழுதியிருந்ததை ரசித்துப் படித்தேன். சுழலும் உருளையால் காற்றைப் பிடித்துக் கப்பலைத் தள்ளும் யோசனையை ஆன்டன் ஃபிளெட்னர் 1924-லேயே புக்காவ் என்ற கப்பலில் செய்து காட்டிவிட்டார். மலிவான எண்ணெய் வந்ததும் உலகம் அதை மறந்தது. 2023-ல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயர இறக்கைகள் இரண்டை நிறுத்தி ஓட்டியபோது சராசரியாக நாளுக்கு 3 டன் எரிபொருள் மிச்சமானதாக அறிவித்தார்கள். நல்ல செய்தி. விஷம் இல்லை, வெடிக்காது. அதன் பேரிங்குக்கு கிரீஸ் போட ஆள் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விதிகளின் நிலையையும் பாருங்கள். உலக வாணிபத்தில் அளவுக் கணக்கில் 80 சதவீதத்துக்கும் மேல் கப்பலில் போகிறது, மனிதர்கள் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல்களுடையது. 2050 வாக்கில் நிகர பூஜ்ஜியம் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-ல் இலக்கு வைத்தது. அதற்கான கட்டண முறைக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அக்டோபரில் இறுதி முடிவு எடுப்பதற்காகக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டுக் கலைந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் தன் பங்குக்குத் தனியாக கார்பன் கட்டணம் வாங்குகிறது. இன்று ஆர்டர் கொடுக்கும் கப்பல் 20, 25 ஆண்டு ஓட வேண்டும். எந்த எரிபொருள் நிலைக்கும் என்று தெரியாத முதலாளி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு எரிபொருளிலும் ஓடும் இன்ஜினை வாங்குகிறார். கணக்குப்படி அது புத்திசாலித்தனம். இன்ஜின் ரூமுக்கு அது இரண்டு மடங்கு குழாய். 2023 முதல் ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஆண்டுதோறும் ஏ முதல் இ வரை கார்பன் மதிப்பெண் வேறு உண்டு. எரித்த எரிபொருளை ஓடிய தூரத்தோடு வைத்துப் பார்ப்பதால், துறைமுகத்தில் இடமில்லை என்று வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குத் தூரமே ஏறாது, மதிப்பெண் சரியும். யாரோ தாமதப்படுத்தியதற்கு, ஏன் மதிப்பெண் குறைந்தது என்று சீஃப் இன்ஜினீயரிடம் விளக்கம் கேட்பார்கள். இதற்கு நான் பதில் எழுதிய மெயில்களைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம்.

இனி இந்தத் துறை பற்றிக் கட்டுரை போடும்போது தங்கள் நிருபர் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். புது எரிபொருள் கப்பலில் எத்தனை இன்ஜினீயர்கள் இருப்பார்கள், பழைய கப்பலைவிட ஒருவராவது கூடுதலா? அவர்களுக்கு அந்த எரிபொருளில் எத்தனை நாள் பயிற்சி, அதில் உண்மையான கருவியின் முன்னால் எத்தனை நாள்? பயிற்சிச் செலவு கம்பெனியுடையதா, பையனுடைய அப்பாவுடையதா? வெளியீட்டு விழாவில் இதற்குப் பதில் கிடைக்காது. துறைமுகத்தில் நிற்கும் ஏதாவது ஒரு கப்பலில் ஏறி செகண்ட் இன்ஜினீயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பராமரிப்பு அட்டவணை அவர் பொறுப்பில்தான் இருக்கும். தேதி கடந்து நிலுவையில் எத்தனை வேலை இருக்கிறது என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார். பங்கர், அதாவது எரிபொருள், ஏற்றும் நாளில் மட்டும் போக வேண்டாம், அன்று அவருக்குப் பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினீயர் ஒருவர்